வில்லங்கம் பார்க்காதவர்கள்

தாம்பரத்துக்கு அப்பால் அரை கிரவுண்டு மனை வாங்கப் போகிறவரைப் பாருங்கள். முப்பது வருடத்துக்கு வில்லங்கச் சான்று போடுவார். யார் பெயரில் இருந்தது, எந்த வருடம் யார் பெயர் சேர்ந்தது, நடுவில் ஒரு அடமானம் ஏறி இறங்கியிருக்கிறதே அது யாருடையது என்று வரிவரியாக விரல் வைத்துப் படிப்பார். பவர் எழுதிக்கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்று அக்கம்பக்கத்தில் விசாரிப்பார். மூத்த மகளின் கையெழுத்து இல்லையென்றால் அட்வான்ஸைத் திருப்பிக் கேட்பார். எந்தப் பாதுகாப்புக் கருத்தரங்கிலும் அவர் உட்கார்ந்ததில்லை. ஆனாலும் ஒரு சொத்தில் யார் பெயர் நுழைந்தது, யார் பெயர் விலகியது என்பதுதான் முதலில் பார்க்க வேண்டியது என்று அவருக்குத் தெரியும். சுற்றுச்சுவர் எத்தனை அடி என்று கடைசியில்தான் கேட்பார்.

பல ஆயிரம் கோடி புரளும் நிறுவனங்களிலும் அரசு அலுவலகங்களிலும் இப்படி ஒரு பெயர்ப் பட்டியல் இருக்கிறது. டைரக்டரி என்பார்கள், பெரும்பாலான இடங்களில் அது மைக்ரோசாஃப்டின் ஆக்டிவ் டைரக்டரி. யார் உள்ளே வரலாம், எந்தக் கோப்பைத் திறக்கலாம், யாருடைய பாஸ்வேர்டை யார் மாற்றலாம் என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது. உச்சியில் டொமைன் அட்மின் என்று ஒரு குழு. அந்தக் குழுவில் ஒரு பெயர் நுழைந்துவிட்டால் போதும், சேர்மனின் மெயிலும் திறக்கும், சம்பளப் பட்டியலும் திறக்கும், பேக்கப்பை அழிக்கிற பொத்தானும் கைக்கு வரும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த மெஷின் எதையும் மறைப்பதில்லை. ஆடிட் பதிவை (லாக் என்பார்கள்) முறையாக முடுக்கி வைத்தால், புதிதாக ஒரு அக்கவுண்ட் முளைத்ததும் 4720 என்று எண் போட்டு எழுதி வைக்கும். டொமைன் அட்மின் குழுவில் ஒருவரைச் சேர்த்தால் 4728. டைரக்டரியில் இருக்கிற விவரத்தை யாராவது திருத்தினால் 5136. எழுதி வைத்ததை எவனாவது துடைத்துவிட்டுப் போனால், துடைத்தவன் இன்னார் என்று 1102-ஆம் எண்ணில் அதையும் எழுதும். யார் செய்தது, எப்போது செய்தது, யாருக்காகச் செய்தது, மூன்றும் அதில் இருக்கும். நம் சார்பதிவாளர் அலுவலகங்கள் கேட்காமலேயே இவ்வளவு வாய் திறந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

படிக்கத்தான் ஆள் இல்லை.

ஆள் பற்றாக்குறை என்று யாரும் இரக்கப்பட வேண்டாம். பதவிகளுக்குக் குறைவே இல்லை. தகவல் பாதுகாப்புக்கென்று தலைமை அதிகாரி ஒருவர், அவருக்கு இரண்டு துணை அதிகாரிகள், வரவேற்பறைச் சுவரில் சட்டம் போட்ட ஐ.எஸ்.ஓ. சான்றிதழ், எல்லாம் உண்டு. வருடத்துக்கு ஒருமுறை யூசர் ஆக்சஸ் ரிவ்யூ என்று ஒரு திவசமும் நடக்கும். ஐ.டி.யிலிருந்து எக்செல் ஷீட் வரும். எண்ணூறு பெயர். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, இவருக்கு இந்த அனுமதி இன்னும் தேவையா என்று மேனேஜர் எழுத வேண்டும். அவர் முதல் கட்டத்தில் ‘ஓகே’ என்று அடித்து, மூலையைப் பிடித்து எண்ணூறாவது வரி வரைக்கும் ஒரே இழுப்பாக இழுத்துவிடுவார். ரிட்டையர் ஆனவருக்கு ஓகே. போட்டிக் கம்பெனிக்குப் போனவருக்கு ஓகே. போன வருடம் எல்லோரும் மலர்வளையம் வைத்துவிட்டு வந்தவருக்கும் ஓகே. டெஸ்ட்1, டெஸ்ட்2, டெம்ப், அட்மின்-ஓல்டு என்று எந்தத் தாய் தகப்பனும் வைத்திராத பெயர்களுக்கும் ஓகே. பிறகு ஆடிட்டர் வருவார். கட்டங்கள் காலியாக இல்லை என்று பார்ப்பார். அவரும் ஒரு ஓகே போடுவார். மதியச் சாப்பாடு நன்றாக இருக்கும்.

வேலையை விட்டுப் போகிறவரிடம் லேப்டாப், ஐ.டி. கார்டு, டிராயர் சாவி, பார்க்கிங் ஸ்டிக்கர் வரை திருப்பி வாங்கிக்கொள்கிற ஹெச்.ஆர்., அவருடைய அக்கவுண்ட்டை மட்டும் நினைவுச் சின்னமாக வைத்துக்கொள்ளும். அமெரிக்காவின் கிழக்குக் கரைக்கு வேண்டிய எரிபொருளில் 45 சதவீதத்தைக் கொண்டுபோகிற கலோனியல் பைப்லைன் நிறுவனத்துக்குள் 2021-இல் திருடர்கள் நுழைந்தது அப்படி யாரும் பயன்படுத்தாமல் கிடந்த ஒரு பழைய வி.பி.என். அக்கவுண்ட் வழியாகத்தான். பங்க்குகளில் மக்கள் மணிக்கணக்கில் வரிசையில் நின்றார்கள். கம்பெனி 75 பிட்காயின், அன்றைய மதிப்பில் 44 லட்சம் டாலர், கப்பம் கட்டியது. பிறகு செனட் குழுவின் முன்னால் வந்து உட்கார்ந்த தலைமை அதிகாரி, அது ஒன்றும் கம்பெனி பெயரோடு 123 சேர்த்த பாஸ்வேர்டு அல்ல, சிக்கலான பாஸ்வேர்டுதான் என்று தெளிவுபடுத்தினார். ஆளே இல்லாத அக்கவுண்ட்டுக்கு அவ்வளவு நல்ல பாஸ்வேர்டு! மனசு நிறைந்துவிட்டது.

நம் ஊர்க் கதைக்கு வருவோம்.

2018 ஜனவரி முதல் வாரம். சண்டிகரிலிருந்து வெளிவரும் தி ட்ரிப்யூன் நாளிதழின் நிருபர் ஒருவர், வாட்ஸ்அப்பில் பிடித்த ஏஜெண்டுக்குப் பேடிஎம்மில் 500 ரூபாய் அனுப்பினார். பத்து நிமிஷத்தில் அவருக்கென்று ஒரு யூசர் ஐ.டி.யும் பாஸ்வேர்டும் வந்தன. உள்ளே போய் எந்த ஆதார் எண்ணைத் தட்டினாலும் பெயர், முகவரி, புகைப்படம், போன் நம்பர், மின்னஞ்சல் எல்லாம் வரிசையாக வந்து நின்றன. நூறு கோடிக்கும் மேற்பட்ட இந்தியர்கள் அந்த வாசலுக்குப் பின்னால் இருந்தார்கள். மேற்கொண்டு 300 ரூபாய் கொடுத்தால் எந்த எண்ணுக்கும் கார்டு அச்சடித்துக்கொள்ள மென்பொருள். மெரினாவில் குடும்பத்தோடு சுண்டலும் பஜ்ஜியும் சாப்பிட்டு வருகிற செலவு.

யாரும் எதையும் உடைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். முகத்தை மறைத்துக் குல்லாய் போட்டுக்கொண்டு பச்சை எழுத்துகளைத் தட்டுகிற சினிமா ஹேக்கர் எவனும் வரவில்லை. பட்டியலில் ஒரு பெயர் சேர்ந்தது, அவ்வளவுதான். ஆதார் ஆணையத்தின் சண்டிகர் வட்டார அதிகாரியிடம் அந்த நாளிதழ் விசாரித்தபோது அவர் அதிர்ந்துபோனார். பஞ்சாபில் தலைமை இயக்குநரையும் தன்னையும் தவிர மூன்றாவது ஆளுக்கு அங்கே லாகின் இருக்கக் கூடாது, இருந்தால் அது தேசப் பாதுகாப்பு மீறல் என்று சொன்னார்.

ஐயா, இரண்டே இரண்டு பெயர். மூன்றாவதாக ஒன்று சேர்ந்தால் கண்டுபிடிக்கச் செயற்கை நுண்ணறிவு வேண்டாம், பெரிய டெண்டர் வேண்டாம், ஒன்று இரண்டு மூன்று எண்ணத் தெரிந்த ஒரு பாலகன் போதும். அந்தப் பாலகனை வேலைக்கு வைக்க உங்களுக்கு மனம் வரவில்லை. எண்ணிச் சொல்ல ஒரு செய்தித்தாள் தன் கைக்காசு 500 ரூபாயைச் செலவழிக்க வேண்டியிருந்தது.

ஆணையத்தின் பதில்தான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. எந்தக் கசிவும் நடக்கவில்லை, கைரேகையும் கருவிழியும் பத்திரம், குறைதீர்ப்புக்காக அதிகாரிகளுக்குக் கொடுத்த தேடல் வசதியை யாரோ தவறாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள் என்றது. அதோடு நிறுத்தியிருக்கலாம். அந்த வசதிக்கு முழுமையான லாகும், யார் நுழைந்தார் என்று தடம் பிடிக்கிற ஏற்பாடும் எங்களிடம் உண்டு, ஆகவே சம்பந்தப்பட்டவர்கள் மீது எஃப்.ஐ.ஆர். போடுகிறோம் என்றும் சேர்த்துக்கொண்டது. சொன்னபடியே டெல்லி குற்றப்பிரிவில் புகார் போனது. எஃப்.ஐ.ஆரில் நிருபரின் பெயரும் இருந்தது. நாடே கத்திய பிறகு, அது அடையாளம் தெரியாத நபர்கள் மீதான வழக்குதான் என்று அமைச்சர் ஒருவர் விளக்கம் சொன்னார்.

அப்படியென்றால் லாக் இருந்திருக்கிறது. முழுமையாக இருந்திருக்கிறது. ஏஜெண்டுகள் வாட்ஸ்அப்பில் கடை விரித்து, கேட்டவனுக்கெல்லாம் அக்கவுண்ட் விற்ற காலமெல்லாம் அந்த லாக் சுகமாகத் தூங்கியிருக்கிறது. திருட்டைச் சொல்ல ஒருத்தர் வந்ததும் விழித்துக்கொண்டு, சொன்னவரைப் பிடித்துக் கொடுத்திருக்கிறது. பாதுகாப்பு என்கிற வார்த்தைக்கு நம் அலுவலகங்கள் வைத்திருக்கிற பொருள் இதுதான். பட்டியலில் திருடன் பெயர் இருக்கலாம். அதைப் படித்துச் சொல்கிறவர் பெயர் எஃப்.ஐ.ஆரில் இருக்க வேண்டும்.

இரண்டு மாதம் கழித்து, மார்ச்சில், உச்ச நீதிமன்றத்தில் அரசின் தலைமை வழக்கறிஞர் கே.கே. வேணுகோபால் எழுந்து, ஆதார் தகவல்கள் 13 அடி உயரமும் 5 அடி தடிமனும் உள்ள சுவர்களுக்குப் பின்னால் பத்திரமாக இருக்கின்றன என்று நீதிபதிகளுக்கு உறுதி சொன்னார். பதின்மூன்று அடி! யானைப் படையோடு யாராவது வந்தால் நிச்சயம் திணறுவார்கள். 500 ரூபாயோடு வருகிறவனுக்கு அந்தச் சுவரைப் பார்க்கிற பாக்கியம்கூடக் கிடைக்காது.

‘நம்ம நாடு அப்படித்தாம்பா, வெளிநாட்டுல பாருங்க’ என்று இந்நேரம் தலையாட்டிக்கொண்டிருக்கும் அன்பர்களுக்காக அமெரிக்கா போய் வருவோம்.

அங்கே யுனைடெட்ஹெல்த் என்று ஒரு மருத்துவக் காப்பீட்டு நிறுவனம். 2023-இல் வருமானம் 37,000 கோடி டாலருக்கு மேல். அதன் கிளையான சேஞ்ச் ஹெல்த்கேர்தான் மருந்துக் கடைகளையும் மருத்துவமனைகளையும் காப்பீட்டுக் கம்பெனிகளையும் இணைக்கிற குழாய். வருடத்துக்கு 1,500 கோடி பரிவர்த்தனைகள் அதன் வழியே ஓடின. 2024 பிப்ரவரி 12 அன்று, திருடிய பாஸ்வேர்டோடு ஒருவன் அதன் வெளிவாசல் ஒன்றில் நுழைந்தான். போனுக்கு வருகிற இரண்டாவது சரிபார்ப்பு அந்த வாசலில் இல்லை. வெளியிலிருந்து நுழைகிற எல்லா வாசலிலும் அது இருக்க வேண்டும் என்பது கம்பெனியின் கொள்கை. கொள்கை கோப்பில் இருந்தது. உள்ளே போனவன் அட்மின் அதிகாரமுள்ள புது அக்கவுண்ட்டுகளை உருவாக்கிக்கொண்டான் என்று நெப்ராஸ்கா மாநில அரசு பிறகு தொடுத்த வழக்கு சொல்கிறது. ஒன்பது நாள் உள்ளே உலாவினான். பிப்ரவரி 21-ஆம் தேதி, தான் வந்திருப்பதை அவனாகவே தெரிவித்தான், எல்லாவற்றையும் பூட்டி.

ஒன்பது நாள். நம் வீடுகளில் மாப்பிள்ளையின் ஒன்றுவிட்ட சித்தப்பா வந்து இரண்டு நாள் கூடத் தங்கினால், எப்போது கிளம்புவார் என்று அடுப்படியில் பேச்சு கிளம்பிவிடும். அங்கே அட்மின் பட்டியலில் முன்பின் தெரியாத பெயர்கள் உட்கார்ந்திருக்கின்றன, யார் இவர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

விளைவு என்ன? மருந்துக் கடையில் சீட்டைக் கொடுத்தவர்களுக்கு, காப்பீடு உங்களுக்கு உண்டா இல்லையா என்றே தெரியவில்லை என்று பதில். முழு விலை கொடுத்து வாங்க முடிந்தவர்கள் வாங்கினார்கள். முடியாதவர்கள் வெறும் கையோடு போனார்கள். அமெரிக்க மருத்துவமனைகள் சங்கம் மார்ச்சில் ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவான மருத்துவமனைகளில் கேட்டபோது, நோயாளிகளின் சிகிச்சையே நேரடியாகப் பாதிக்கப்பட்டதாக 74 சதவீதம் பேர் சொன்னார்கள். ஏறத்தாழ 19 கோடிப் பேரின் விவரங்கள் போயின. யாருக்கு என்ன நோய் என்பதும் அதில் சேர்த்தி. கம்பெனி 2 கோடியே 20 லட்சம் டாலர் கப்பம் கட்டியது. மே மாதம் செனட்டில் விசாரணை. தாம் டில்லிஸ் என்கிற செனட்டர், அரிச்சுவடி தெரியாதவர்களுக்காக எழுதிய ஹேக்கிங் கையேடு ஒன்றைத் தூக்கிக் காட்டி, இதெல்லாம் பாலபாடமாயிற்றே என்றார். தலைமைச் செயல் அதிகாரி ஆண்ட்ரூ விட்டி மிகவும் வருந்தினார். முந்தைய வருடம் அவர் வாங்கிய ஊதியம் 2 கோடியே 35 லட்சம் டாலர். கப்பத்தைவிடக் கொஞ்சம் அதிகம். பாதுகாப்பான உத்தியோகம்.

சரி, பட்டியலைத் தயாரித்து விற்கிறவர்களாவது பார்ப்பார்களா? மைக்ரோசாஃப்டைப் பாருங்கள். பூட்டை விற்கிறது. பூட்டைக் கண்காணிக்கும் கருவியையும் விற்கிறது. பாதுகாப்பு வியாபாரத்தில் மட்டும் வருடத்துக்கு 2,000 கோடி டாலர் தாண்டிவிட்டோம் என்று 2023 ஜனவரியில் மார்தட்டியது. அதே வருடம் மே மாதம், சீன அரசோடு தொடர்புள்ள உளவாளிகள் அந்தக் கம்பெனியின் சாவி ஒன்றை வைத்து, தாங்களே நுழைவுச் சீட்டு அச்சடித்துக்கொண்டு அமெரிக்க அரசு மெயில்களுக்குள் நுழைந்தார்கள். அந்தச் சாவி 2016-இல் செய்தது. 2021-இலேயே குப்பைக்குப் போயிருக்க வேண்டியது. வர்த்தக அமைச்சரின் மெயில், பெய்ஜிங்கில் இருந்த அமெரிக்கத் தூதரின் மெயில் என்று ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்களுடைய பெட்டிகளைத் திறந்தார்கள். வெளியுறவுத் துறையிலிருந்து மட்டும் சுமார் 60,000 மெயில்கள்.

கண்டுபிடித்தது மைக்ரோசாஃப்ட் அல்ல. வெளியுறவுத் துறையில் யாரோ ஒருவர் ‘பிக் யெல்லோ டாக்ஸி’ என்று செல்லப் பெயர் வைத்து ஒரு எச்சரிக்கை விதி எழுதியிருந்தார். அது ஜூன் மாதம் மணி அடித்தது. மற்ற நிறுவனங்களில் ஏன் அடிக்கவில்லை? அங்கேதான் வியாபாரம் இருக்கிறது. யார் எந்த மெயிலைத் திறந்தார் என்கிற அந்த லாக், கூடுதல் விலை லைசென்ஸ் வாங்கியவர்களுக்கு மட்டும்தான் அப்போது தெரிந்தது. வெளியுறவுத் துறை அதை வாங்கியிருந்தது. சாதாரண லைசென்ஸ்காரர்களின் வீட்டில் திருடன் வந்துபோனாலும், வந்ததைத் தெரிந்துகொள்ளும் உரிமை அவர்களுக்கு இருக்கவில்லை. ஊர் சிரித்த பிறகு, ஜூலையில், அந்த லாகை எல்லோருக்கும் இலவசமாகத் தருவதாகக் கம்பெனி அறிவித்தது. கருணை.

சாவி எப்படிப் போனது என்று செப்டம்பரில் ஒரு விளக்கம் எழுதினார்கள். அதற்கு ஆதாரம் எதுவும் தங்களுக்குக் கிடைக்கவில்லை என்று அடுத்த மார்ச்சில் அந்த விளக்கத்தையே திருத்தினார்கள். அதற்குள் இன்னொரு கூத்து. 2023 நவம்பரில் ரஷ்ய உளவுக் குழு, மைக்ரோசாஃப்டின் பழைய சோதனை அமைப்பு ஒன்றில் கிடந்த டெஸ்ட் அக்கவுண்ட்டின் பாஸ்வேர்டை ஊகித்தே உள்ளே வந்தது. அங்கிருந்த ஒரு பழைய டெஸ்ட் செயலிக்குக் கம்பெனியின் உள்வீடு வரை அதிகாரம் கொடுத்து மறந்திருந்தார்கள். வந்தவர்கள் புதுச் செயலிகளை உண்டாக்கி, அவற்றுக்குச் சம்மதம் சொல்ல மைக்ரோசாஃப்டின் சொந்த டைரக்டரியிலேயே ஒரு புது யூசரையும் உருவாக்கி, மேலதிகாரிகளின் மெயில்களைப் படித்தார்கள். எதைத் தேடினார்கள் தெரியுமா? தங்களைப் பற்றி மைக்ரோசாஃப்டுக்கு என்ன தெரியும் என்று. கண்டுபிடித்தது ஜனவரி 12. புது யூசர் வந்தால் உடனே காட்டிக்கொடுக்கிற மென்பொருளை உலகத்துக்கே விற்கிற கடை அது.

முந்தைய சீன விவகாரத்தை விசாரித்த அமெரிக்க அரசின் சைபர் மறுஆய்வு வாரியம், இது நடந்தே இருக்கக் கூடாது, தடுத்திருக்க முடியும் என்று 2024 ஏப்ரலில் எழுதியது. ஒரு கம்பெனியின் முகத்துக்கு நேரே அரசு சொன்ன அபூர்வமான உண்மை. அந்த வாரியத்தின் உறுப்பினர்கள் அத்தனை பேரையும் 2025 ஜனவரியில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அப்போது அவர்கள், அமெரிக்கத் தொலைபேசி நிறுவனங்களுக்குள் சீன உளவாளிகள் புகுந்த கதையை விசாரித்துக்கொண்டிருந்தார்கள்.

பார்த்துச் சொன்னாலும் கேட்பாரில்லை என்பது இன்னொரு கிளைக்கதை. 2013 நவம்பர் 30. டார்கெட் என்கிற அமெரிக்கக் கடைச் சங்கிலியின் கம்ப்யூட்டர்களைப் பெங்களூரில் இருந்து ஒரு குழு இராப்பகலாகக் கவனித்துக்கொண்டிருந்தது. ஃபயர்ஐ என்கிற பாதுகாப்புக் கம்பெனியின் கண்காணிப்புக் கருவி எச்சரித்தது. பெங்களூர்க் குழு பார்த்தது, மினியாபொலிஸில் இருந்த தலைமை அலுவலகத்துக்குச் சொன்னது. அங்கே யாரோ படித்துவிட்டு, உடனே செய்ய ஒன்றுமில்லை என்று முடிவு செய்தார்கள். 4 கோடி கார்டு எண்கள் போயின. திருடன் உள்ளே வந்த வழி, குளிர்சாதன வேலை பார்க்கிற ஒப்பந்தக்காரருக்குக் கொடுத்திருந்த அக்கவுண்ட்.

ஓ.எம்.ஆரிலும் பெங்களூரிலும் நைட் ஷிஃப்டில் உட்கார்ந்து, வேறு கண்டத்துக் கம்பெனியின் டைரக்டரியை வெறித்துக்கொண்டிருக்கிற பிள்ளைகளுக்கு இது புதிதல்ல. மூன்று மணிக்கு ஒரு அலர்ட் வரும்: புது அக்கவுண்ட், நேரே அட்மின் குழுவில். டிக்கெட் போடுவார்கள். வாடிக்கையாளரிடமிருந்து, எங்கள் ஆள்தான், இனிமேல் இதற்கெல்லாம் எழுப்பாதீர்கள் என்று பதில் வரும். அல்லது பதிலே வராது. குறித்த நேரத்துக்குள் டிக்கெட்டை மூடாவிட்டால் டீம் லீடர் திட்டுவார். மூடுவார்கள். என்றைக்காவது திருட்டு வெளியே வந்தால், அந்த டிக்கெட்டை மூடியவன் யார் என்று கண்டுபிடிக்க மட்டும் லாகை அந்த நொடியே எடுப்பார்கள்.

டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் 2022 நவம்பர் 23 அன்று சர்வர்கள் முடங்கின. ஐந்து சர்வர்கள், 1.3 டெராபைட் தகவல். நாட்டின் முதன்மை மருத்துவமனையில் ஓ.பி. சீட்டும் ரத்தப் பரிசோதனை முடிவும் கையால் எழுதி ஓடின. நெட்வொர்க்கைச் சரியாகப் பகுத்துப் பிரிக்காததுதான் காரணம் என்று அரசே நாடாளுமன்றத்தில் ஒப்புக்கொண்டது. நெட்வொர்க்கைப் பிரிப்பது பட்ஜெட் கேட்கிற வேலை, வருடக்கணக்கில் கூட்டம் போட்டுத் தீர்மானிக்கிற வேலை. சஸ்பெண்ட் ஆனவர்கள் யார்? இரண்டு சிஸ்டம் அனலிஸ்ட்டுகள். அமெரிக்காவில் 14 கோடிக்கும் மேற்பட்டவர்களின் விவரங்களைப் பறிகொடுத்த ஈக்விஃபாக்ஸ் என்கிற கடன் தகவல் நிறுவனத்தின் முன்னாள் தலைவரும் 2017-இல் நாடாளுமன்றக் குழுவிடம், ஒரே ஒரு ஊழியர் செய்ய வேண்டியதைச் செய்யவில்லை என்றுதான் சொன்னார். நாடு எதுவானாலும் பழி இறங்குகிற படிக்கட்டு ஒன்றுதான்.

எய்ம்ஸுக்கு ஏழு மாதம் முன்பு, 2022 ஏப்ரல் 28 அன்று, மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு ஒரு உத்தரவு போட்டிருந்தது. எல்லா நிறுவனங்களும் 180 நாள் லாகை வைத்திருக்க வேண்டும், தாக்குதல் தெரிந்தால் ஆறு மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும். நல்ல உத்தரவு, வைத்திருக்கச் சொன்னது, படிக்கச் சொல்ல மறந்துவிட்டது. 2023 நவம்பரில் அதே செர்ட்-இன், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் இரண்டாவது அட்டவணைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. ஊழல், மனித உரிமை மீறல் பற்றிய கேள்வி தவிர வேறெதையும் குடிமகன் அதனிடம் கேட்க முடியாது. அவர்கள் எல்லோருடைய லாகையும் கேட்பார்கள். அவர்களிடம் உள்ளதை நாம் கேட்கக் கூடாது.

பார்ப்பது அப்படியொன்றும் முடியாத வித்தை அல்ல. 2020 இறுதியில், அதே ஃபயர்ஐ கம்பெனியில், ஒரு ஊழியரின் அக்கவுண்ட்டில் இரண்டாவதாக ஒரு போன் பதிவாகியிருந்ததைப் பாதுகாப்புக் குழுவில் ஒருவர் பார்த்தார். அந்த ஊழியரைக் கூப்பிட்டு, புது போன் சேர்த்தீர்களா என்று கேட்டார். இல்லையே என்றார் அவர். அந்த ஒரு ‘இல்லையே’யை இழுத்துக்கொண்டு போனதில், சுமார் 18,000 நிறுவனங்களுக்கு நஞ்சு கலந்த அப்டேட்டாகப் போயிருந்த சோலார்விண்ட்ஸ் சதி வெளியே வந்தது. அமெரிக்க அரசுத் துறைகள் ஒன்பதுக்குள் மாதக்கணக்கில் ரஷ்யர்கள் குடியிருந்தார்கள். அத்தனை உளவு அமைப்புகளும் அத்தனை கோடி டாலர் கருவிகளும் காணாததை ஒரு போன் கால் கண்டது. அலுவலகத்தில் இப்படிப் போன் போட்டுக் கேட்கிறவர்களுக்கு நாம் வைத்திருக்கிற பெயர் ‘நச்சு’.

இதுவரை சொன்னதெல்லாம் சோம்பல், கஞ்சத்தனம், பேராசை. அதற்கும் மேல் ஒரு படி இருக்கிறது. 2025 மார்ச்சில், அரசுச் செலவைக் குறைக்கவென்று அமைந்த எலான் மஸ்க்கின் டோஜ் குழுவினர் அமெரிக்கத் தேசியத் தொழிலாளர் உறவுகள் வாரியத்துக்கு வந்தார்கள் என்று ஒரு புகார். தொழிற்சங்கம் வைக்க முயன்று வேலை இழந்தவர்களின் புகார்களும் சாட்சிகளின் பெயர்களும் இருக்கிற இடம் அது. வந்தவர்களுக்கு, வாரியத்தின் தகவல் தொழில்நுட்பத் தலைவரிடமே இல்லாத உச்ச அதிகாரத்தோடு அக்கவுண்ட் கொடுக்க வேண்டும், கொடுத்ததற்கு எந்தப் பதிவும் இருக்கக் கூடாது என்று தங்களுக்கு உத்தரவு வந்ததாக அங்கே வேலை பார்த்த ஐ.டி. ஊழியர் ஒருவர் சத்தியப் பிரமாணத்தோடு நாடாளுமன்றத்துக்கு எழுதினார். கண்காணிப்புக் கருவிகள் அணைந்தன, சுமார் 10 ஜிகாபைட் வெளியே போனது, புது அக்கவுண்ட் உண்டாகிக் கால் மணி நேரத்துக்குள் அதே யூசர் பெயர், அதே பாஸ்வேர்டோடு ரஷ்யாவிலிருந்து யாரோ கதவைத் தட்டினார்கள், மேலே புகார் செய்யத் தயாரானபோது விட்டுவிடுங்கள் என்று சொன்னார்கள் என்றும் எழுதினார். வாரியம் மறுத்தது; அப்படி யாருக்கும் அனுமதி கொடுக்கவில்லை, விசாரித்தோம், எந்த மீறலும் இல்லை என்றது.

அந்த ஊழியர் புகாரை எழுதிக்கொண்டிருந்த நாட்களில் அவர் வீட்டுக் கதவில் யாரோ ஒரு மிரட்டல் காகிதத்தை ஒட்டிவிட்டுப் போயிருந்ததாக அவருடைய வழக்கறிஞர் தெரிவித்தார். அதில் அவருடைய சொந்த விவரங்கள் இருந்தன. அவர் தன் நாயோடு தெருவில் நடந்துபோவதை ட்ரோனில் மேலேயிருந்து எடுத்த படங்களும் இருந்தன. அந்த விஷயத்தில் மட்டும் கண்காணிப்பில் ஒரு குறையும் இல்லை.